சொப்புச் சாமான் யாருக்கு?

கேள்வி: பொம்மைக் கடையில் நுழைந்தாலே, "பையனுக்கா, பொண்ணுக்கா?" என்றுதான் முதலில் கேட்கிறார்கள். என் மகன் சொப்புச் சாமான் கேட்டான். கடைக்காரர் ஜேசிபியை எடுத்து நீட்டினார். நான் என்ன செய்ய?
– ஒரு வாசகி, பேரையூர்

பதில்: சொப்பையே வாங்கிக் கொடுங்கள் அம்மா. மதுரைப் பக்கம் புரோட்டாக் கல்லில் நிற்பவரும், கல்யாண வீட்டில் பிரியாணி அண்டா இறக்குபவரும் பெரும்பாலும் ஆண்கள்தான். ஊருக்கே பொங்கிப் போடப்போகிற கை, அஞ்சு வயதில் குட்டி அடுப்பையும் தம்மாத்துண்டு இட்லிச் சட்டியையும் தொட்டால் என்ன குறைந்துவிடும்?

கடைக்காரரை மட்டும் கோபித்துப் பயனில்லை. கம்பெனியே பிரித்துத்தான் அனுப்புகிறது. கிண்டர் ஜாய் முட்டை நீலத்தில் பையனுக்கு, ரோஸில் பொண்ணுக்கு என்று நம் பெட்டிக்கடை வரை வந்ததே! உள்ளே இருந்த இனிப்பு ஒன்றுதான். இந்த நிறக் கணக்கு ஆதிகாலத்து வழக்கமும் இல்லை. 1918-ல் அமெரிக்கத் துணி வியாபாரப் பத்திரிகை ஒன்று, ரோஸ் பையனுக்கு, நீலம் பெண்ணுக்கு என்று தலைகீழாக எழுதியது. அண்ணன் விளையாடியது தங்கைக்கு ஆகாது என்றால், ஒரே வீட்டுக்கு இரண்டு விற்கலாம். வியாபாரம் அங்கேதான் இருக்கிறது.

கலிபோர்னியாவில் பெரிய கடைகள் ஆண், பெண் பேதமில்லாத பொம்மைப் பகுதி ஒன்று வைத்தே ஆகவேண்டும் என 2024 முதல் சட்டம். நம் ஊரில் அப்படி ஒரு சட்டம் வரும்வரை நீங்கள் காத்திருக்க வேண்டாம். கடைக்காரர் மறுபடி கேட்டால், பிள்ளையின் வயதை மட்டும் சொல்லுங்கள். வீட்டில் மகளும் இருந்தால், அந்த ஜேசிபியையும் சேர்த்துக் கட்டச் சொல்லுங்கள்.