தாலிக்கு முன் ஒரு வகுப்பு

திருமணத்துக்கு முந்தைய ஆலோசனை என்பது, நிச்சயமான இருவரை முகூர்த்தத் தேதிக்கு முன்பே உட்காரவைத்து, பணம், வேலை, குழந்தை, மாமியார் எல்லாவற்றையும் வாய்விட்டுப் பேசவைக்கும் ஏற்பாடு. இதற்குப் பந்தல் வேண்டாம், மேளம் வேண்டாம். தமிழ்நாட்டில் இது பரவாததற்கு அதுவே காரணமாக இருக்கலாம்.

பொருத்தம் பார்ப்பதில் மட்டும் குறை வைப்பதில்லை. தினம், கணம் தொடங்கி ரஜ்ஜு, வேதை வரை பத்துப் பொருத்தம் உண்டு. பெண்ணும் பிள்ளையும் தேவ கணமா, மனித கணமா, ராட்சச கணமா என்பது ஐந்தே நிமிடத்தில் தெரிந்துவிடும். பிள்ளைக்குக் கிரெடிட் கார்டில் எவ்வளவு பாக்கி, அம்மாவைக் கேட்காமல் ஒரு சட்டையாவது வாங்கியிருக்கிறாரா என்பதற்கெல்லாம் ஜாதகத்தில் கட்டமில்லை.

கத்தோலிக்கர்களிடம் கதை வேறு. திருமணத் தயாரிப்பு வகுப்புக்குப் போய்ச் சான்றிதழ் வாங்கி வராத ஜோடிக்குப் பல பங்குகளில் ஓலை வாசிக்கமாட்டார்கள். ஓலை என்பது, ஞாயிறு பூசையில் இருவர் பெயரையும் வாசித்து, தடை ஏதும் தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று அறிவிப்பது. மணமக்களுக்கே தெரியாதது ஊருக்குத் தெரிந்திருக்கும் என்ற நம்பிக்கை. பெரும்பாலும் வீண்போகாத நம்பிக்கை.

வகுப்பில் குருவானவர், வழக்கறிஞர், பல வருடம் குடித்தனம் நடத்திய ஒரு தம்பதி என்று ஆளுக்கொரு பாடம் எடுப்பார்கள். மருத்துவர் இயற்கைக் குடும்பக் கட்டுப்பாட்டை விளக்கும்போது அத்தனை பேரும் மின்விசிறியை ஆராய்வார்கள். கலகலப்பு வருவது கேள்வித்தாளில்தான். கல்யாணத்துக்குப் பின் எங்கே குடியிருப்பது என்ற கேள்விக்கு, பார்த்து எழுதாமலே, பிள்ளையும் 'வீட்டில்' என்பார், பெண்ணும் 'வீட்டில்' என்பார். மனப்பொருத்தம் பிரமாதம் என்று தோன்றும். எந்த வீடு என்று அடுத்து கேட்டதும்தான் உண்மையான ஆலோசனை தொடங்கும்.

1981-இல் திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் குடும்பம் பற்றி வெளியிட்ட ஊக்கவுரை, திருமணத் தயாரிப்பு குழந்தைப் பருவத்திலேயே தொடங்குகிறது என்கிறது. பல தமிழ் வீடுகளில் அந்தப் பருவத்தில் ஆண்பிள்ளைக்குத் தரப்படும் தயாரிப்பு, சாப்பிட்ட தட்டை அப்படியே விட்டுவிட்டு எழுந்து போவது.

ஆலோசனையில் அரசுக்கும் நம்பிக்கை உண்டு, நேரம்தான் வேறு. 1984-ஆம் ஆண்டின் குடும்ப நீதிமன்றச் சட்டம் ஆலோசகர்களுக்கு இடம் தருகிறது. சமரசத்துக்கு முயல்வதை நீதிமன்றத்தின் கடமையாக்குகிறது. இந்து திருமணச் சட்டப்படி பரஸ்பர சம்மதத்தோடு பிரிய, ஓராண்டு தனித்தனியே வாழ்ந்திருக்க வேண்டும். மனுப் போட்டபின் ஆறு மாதம் காத்திருக்க வேண்டும். இந்த ஆறு மாதத்தை நீதிமன்றம் தளர்த்தலாம் என்று 2017-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. சேர விரும்புகிறவர்களை அதே சட்டம் ஒருநாள்கூடக் காக்கவைப்பதில்லை. அதனால், எந்த வீடு என்ற கேள்வியை முதன்முதலாகக் குடும்ப நீதிமன்ற ஆலோசகர் வாயால் கேட்கும் தம்பதிகளும் உண்டு.

மண்டபத்துக்கு முன்பணம் கட்டுகிற வாரமே ஆலோசகரிடமும் நேரம் கேட்டு வைப்பது நல்லது. அங்கே முகூர்த்த நாள் நெருக்கடி கிடையாது.