கடன் பத்திரத்தை எழுதுவது யார்?

கேள்வி: பிளஸ் டூ பொருளியல் வகுப்பில் 'சர்வதேச நாணய நிதியம்' என்றாலே பிள்ளைகள் கொட்டாவி விடுகிறார்கள். அங்கே நடப்பது நியாயமா இல்லையா என்பதை எப்படிப் புரியவைப்பது? (ஓர் ஆசிரியை, திருச்சி)

பாடப்புத்தகத்தை மூடிவைத்துவிட்டு 100 புளியங்கொட்டைகளோடு வகுப்புக்குப் போங்கள். நிதியத்தில் நாட்டுக்கு ஒரு ஓட்டு என்ற கணக்கே கிடையாது. பங்குக்கு ஏற்பத்தான் ஓட்டு. ஒரு மாணவியை அமெரிக்கா ஆக்கி 16½ கொட்டைகளைக் கொடுங்கள். ஜப்பானுக்கு 6, சீனாவுக்கு 6, ஜெர்மனிக்கு 5. இந்தியாவுக்கு 2½-க்குக் கொஞ்சம் மேலே. மிச்சத்தை மற்ற எல்லோருக்கும் பிரித்துவிடுங்கள். பிறகு விதியைச் சொல்லுங்கள்: பங்குகளை மாற்றுவது போன்ற பெரிய முடிவுகளுக்கு 85 கொட்டைகள் வேண்டும். அந்த ஒரு மாணவி கையை மூடிக்கொண்டால் வகுப்பே ஒன்றுசேர்ந்தாலும் 83½-ஐத் தாண்டாது. பிள்ளைகளே எண்ணிப் பார்க்கட்டும், கொட்டாவி வராது.

அடுத்து பணத்துக்கு வாருங்கள். கொரோனா காலத்தில், 2021 ஆகஸ்டில், நிதியம் 65,000 கோடி டாலர் மதிப்புள்ள எஸ்.டி.ஆர். (சிறப்பு எடுப்பு உரிமை எனப்படும் கையிருப்புச் சொத்து) ஒதுக்கியது. அதுவும் இதே பங்குக் கணக்கில்தான் போனது. அமெரிக்காவுக்கு மட்டும் சுமார் 11,300 கோடி டாலர். ஆப்பிரிக்கக் கண்டம் முழுவதற்கும் சேர்த்து சுமார் 3,300 கோடி. தேவை எங்கே அதிகமோ அங்கே குறைவாகப் போய்ச் சேர்ந்தது. இந்த ஏற்பாட்டுக்கு அடித்தளம் போட்டது 1944-ல், பிரெட்டன் வுட்ஸ் மாநாட்டில். அன்று ஆப்பிரிக்காவின் பெரும்பகுதி யாரோ ஒருவருடைய காலனி.

கேள்வி: உலக வங்கியின் தலைவர் அஜய் பங்கா நம்மவர்தானே? பிறகு என்ன குறை? (மதுரை)

பிறந்தது இந்தியாவில். அந்த நாற்காலிக்கு வந்தது அமெரிக்கக் குடிமகனாக, அமெரிக்க அதிபரின் முன்மொழிவால். வங்கி தொடங்கிய நாள் முதல் அங்கே அமெரிக்கர், நாணய நிதியத்தில் ஐரோப்பியர். இது எந்தச் சட்டத்திலும் இல்லாத வழக்கம். அதனாலேயே மாற்றுவது கடினமாக இருக்கிறது.

கேள்வி: வாங்கிய கடனைக் கட்டத்தானே வேண்டும்? இதில் நியாயம், அநியாயம் எங்கே வருகிறது? (யாழ்ப்பாணம்)

கட்டத்தான் வேண்டும். எவ்வளவு, எப்போது, யார் தலையில் என்ற இடத்தில்தான் நியாயம் வருகிறது.

1953 பிப்ரவரியில் லண்டனில் மேற்கு ஜெர்மனியின் கடன்களுக்காக ஓர் உடன்படிக்கை கையெழுத்தானது. கடனில் ஏறக்குறைய பாதி தள்ளுபடி. மீதிக்கு நீண்ட தவணை, குறைந்த வட்டி. அந்த நாடு ஏற்றுமதியில் எவ்வளவு சம்பாதிக்க முடியும் என்று பார்த்தே தவணை நிர்ணயித்தார்கள். கடன் கொடுத்தவர்கள் ஒரே மேசையில் உட்கார்ந்து பேசி முடித்த விஷயம் அது. கையெழுத்திட்ட நாடுகளின் பட்டியலில் உங்கள் நாடும் இருக்கிறது, சிலோன் என்ற பெயரில்.

அதே இலங்கை 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாமல் கைவிரித்தது. சீனாவுடன் தனிப் பேச்சு. இந்தியா, ஜப்பான், பிரான்ஸ் தலைமையிலான குழுவுடன் தனிப் பேச்சு. தனியார் பத்திரதாரர்களுடன் வேறொரு பேச்சு. பத்திரதாரர்களோடு முடிவுக்கு வர 2024 டிசம்பர் ஆகிவிட்டது. ஆனால் மக்கள் தலையில் சுமை ஏற அவ்வளவு காலம் பிடிக்கவில்லை. 8 சதவீதமாக இருந்த பெறுமதி சேர் வரி 2024 ஜனவரிக்குள் 18 ஆனது. உள்நாட்டுக் கடனை மறுசீரமைத்தபோது பாரம் ஊழியர் சேமலாப நிதியின் மேல், அதாவது தொழிலாளியின் ஓய்வுக்காலப் பணத்தின் மேல் விழுந்தது. ஆடைத் தொழிற்சாலையில் வேலை பார்க்கும் பெண் எந்தக் கடன் பத்திரத்திலும் கையெழுத்துப் போடவில்லை. ஜெர்மனிக்குக் காட்டிய பொறுமையை இலங்கைக்கும் காட்டியிருக்கலாம் என்பதே என் கட்சி.

கேள்வி: பணக்கார நாடுகள் வருமானத்தில் 0.7 சதவீதம் உதவியாகத் தரும் என்றார்களே? (கோவை)

1970-ல் ஐ.நா.வில் வைத்த இலக்கு. எட்டியவை விரல்விட்டு எண்ணக்கூடிய நாடுகள். பிரிட்டன் 2015-ல் சட்டமே போட்டது; 2021-ல் 0.5 ஆக்கியது, 2027-ல் 0.3 என்று அறிவித்துவிட்டது.

கேள்வி: புயலில் நாடே அழிந்தாலும் தவணை நிற்காதா? (நாகப்பட்டினம்)

பத்திரத்தில் எழுதிவைத்தால் நிற்கும். கரீபியனில் கிரெனடா என்ற குட்டித் தீவு நாடு. 2004-ல் ஐவான் புயல் அதைப் புரட்டிப் போட்டது. பிறகு கடன் சுமை கழுத்தை நெரித்து, 2015-ல் கடனைச் சீரமைத்தபோது ஒரு நிபந்தனையைக் கேட்டு வாங்கினார்கள்: பெரும் புயல் அடித்தால் தவணையைத் தள்ளிவைக்கலாம். 2024 ஜூலையில் பெரில் புயல் வந்தது. கிரெனடா அந்த நிபந்தனையைக் காட்டித் தவணையை ஒத்திவைத்தது. யாரிடமும் போய்க் கெஞ்ச வேண்டியிருக்கவில்லை. இந்த மாதிரி நிபந்தனை எல்லாக் கடனிலும் வர வேண்டும் என்று பார்படோஸ் பிரதமர் மியா மோட்லி மேடைக்கு மேடை கேட்டு வருகிறார். எனக்கு இதில் பிடித்த விஷயம், ஆபத்து வருவதற்கு முன்பே, மரியாதை குறையாமல், உரிமையாக எழுதி வாங்கியது.

கேள்வி: இந்தியா யார் பக்கம்? (சேலம்)

இரண்டு பக்கமும். உலக வங்கியின் சலுகைக் கடன் பிரிவான ஐ.டி.ஏ.வில் பல்லாண்டுகள் பெரிய கடனாளி நாம்தான். 2014-ல் அதிலிருந்து வெளியே வந்தோம்; இப்போது பணம் போடுகிறோம். 2022-ல் இலங்கைக்குச் சுமார் 400 கோடி டாலர் உதவியதில் பெருமைப்படலாம். ஆனால் எக்ஸிம் வங்கி வழியாகப் பிற நாடுகளுக்குத் தரும் கடன்களில், பொதுவாக 75 சதவீதச் சரக்கும் சேவையும் இந்தியாவிலிருந்தே வாங்க வேண்டும் என்று நாமும்தான் நிபந்தனை போடுகிறோம். நமக்கு வலித்தது அடுத்தவருக்கும் வலிக்கும்.

கேள்வி: இவ்வளவு பெரிய நிறுவனங்களை எதிர்த்துச் சாதாரண ஆள் என்ன செய்துவிட முடியும்? (தூத்துக்குடி)

குஜராத்தின் முந்த்ராவில் மீனவர்கள் செய்தார்கள். அங்கே வந்த அனல்மின் நிலையத்துக்கு உலக வங்கிக் குழுமத்தின் ஐ.எஃப்.சி. 45 கோடி டாலர் கடன் கொடுத்தது. மீன் குறைந்துவிட்டது, நிலத்தடி நீர் கெட்டுவிட்டது என்று 2015-ல் வாஷிங்டனில் வழக்குப் போட்டார்கள். எங்கள் மேல் வழக்கே போட முடியாது என்றது ஐ.எஃப்.சி. 2019-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், அப்படி முழு விலக்கு கிடையாது என்று 7-க்கு 1 எனத் தீர்ப்பளித்தது. பிறகு வழக்கு தள்ளுபடியானது, இழப்பீடு கிடைக்கவில்லை. அந்தக் கசப்பை மறைக்க நான் விரும்பவில்லை. ஆனாலும் முழு விலக்கு என்ற பேச்சு அங்கே முடிந்தது.

வழக்கு மட்டும்தான் வழி என்றில்லை. நர்மதை அணைப் போராட்டத்தின் விளைவாக, 1993-ல் உலக வங்கி ஓர் ஆய்வுக் குழுவை அமைத்தது. வங்கியின் பணத்தில் நடக்கும் திட்டத்தால் பாதிக்கப்பட்ட இரண்டு பேர் சேர்ந்தால் போதும், அங்கே புகார் அனுப்பலாம். வக்கீல் தேவையில்லை. தமிழிலேயே எழுதலாம். பெயரை ரகசியமாக வைக்கச் சொல்லியும் கேட்கலாம்.