உன் நேர்மையைப் பாராட்டுகிறேன்

பார்லர் விலைப்பட்டியலில் உனக்குப் பல பெயர். ஸ்மூத்தனிங், ரீபாண்டிங், கெரட்டின், போட்டாக்ஸ், நானோபிளாஸ்டியா. எந்தப் பெயரில் வந்தாலும் உன் வேலை ஒன்றுதான். சுருண்டு கிடப்பதை நேராக்குவாய். என் மகளின் தலையையும் நேராக்குகிறேன் என்றாய், நேராக்கினாய். ஐந்து மணி நேரம் ஆகும் என்றாய், ஐந்து மணி நேரத்தில் எழுப்பிவிட்டாய். நேர் என்கிற சொல்லிலிருந்துதான் நேர்மை என்கிற சொல்லும் வருகிறது. அந்தச் சொல்லுக்கு நீ பொருத்தமானவள். உன்னைப் பாராட்டி எழுத எனக்கு நிறைய இருக்கிறது.

முதலில் உன் மரியாதை. மூன்று வயதிலிருந்து அவள் தலையை நான்தான் சீவிவிட்டேன். என் அம்மாவின் தலை அவளுக்கு. விரலில் சுற்றிவிட்டதுபோல ஒவ்வொரு கற்றையும் சுருண்டு நிற்கும். பள்ளிக்கூட வேன் வருவதற்குள் இரட்டைச் சடை போட்டாக வேண்டும். காய்ந்த முடியில் உச்சியிலிருந்து சீப்பை இறக்கிச் சிக்கை இழுத்து, அவள் கண்ணில் நீர் வர வர நான் என்ன சொல்வேன் தெரியுமா? "பரட்டைத் தலை. இந்தத் தலையை வெச்சுக்கிட்டு நான் என்னதான் பண்றது?" பத்து வருஷம் இதைச் சொல்லியிருக்கிறேன். அவளுடைய அத்தை குருவிக்கூடு என்பாள். வகுப்பில் வேறு பெயர் இருந்திருக்கிறது, அதை அவள் என்னிடம் சொன்னதில்லை. நீ அப்படியெல்லாம் பேசவில்லை. உன் இடத்தில் இருந்த பெண் அவள் தலையை மெதுவாகத் தொட்டுப் பார்த்து, "முடி நல்லா அடர்த்தியா இருக்கு மேடம், ஒரு ட்ரீட்மென்ட் எடுத்தா போதும்" என்றாள். பத்தொன்பது வயதில் தன் தலைமுடி நல்ல முடி என்று முதன்முதலாக என் மகள் கேட்டது உன் வாசலில்தான். அந்த வார்த்தைக்காகவே அவள் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள் என்று இப்போது எனக்குத் தோன்றுகிறது. நான் சொல்லியிருக்க வேண்டியதை நீ சொன்னாய்.

ட்ரீட்மென்ட் என்றால் சிகிச்சை. எங்கள் குடும்பத்தில் மூன்று தலைமுறையாக இருந்தும் எந்த வைத்தியருக்கும் தென்படாத ஒரு நோயை, வாசலில் நுழைந்தவுடன் கண்டுபிடித்தாய். சங்கப் புலவர்களுக்கும் அது தெரிந்திருக்கவில்லை. ஆற்றில் தண்ணீர் வடிந்த பிறகு கருமணலில் வரிவரியாக நெளிந்து கிடக்குமே, அந்த அறலைத்தான் பெண்ணின் கூந்தலுக்கு அவர்கள் உவமையாக எடுத்தார்கள்.

அடுத்தது உன் கல்வி. அன்று பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். களிம்பைப் பூசியதும் அம்மோனியாவும் அழுகின முட்டையும் கலந்த வாடை வந்தது. முக்கால் மணி நேரம் கழித்து அந்தப் பெண் ஒரே ஒரு முடியைப் பிரித்தெடுத்து இரண்டு விரலால் இழுத்துப் பார்த்தாள். ரப்பர்போல நீண்டது, விட்டதும் துவண்டு தொங்கியது. "ரெடி" என்றாள். எது ரெடி என்று அன்று எனக்குப் புரியவில்லை, பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். முடி கெரட்டின் என்கிற புரதத்தால் ஆனது. தண்ணீர் பட்டால் விட்டுவிட்டுக் காய்ந்தால் சேர்ந்துகொள்கிற பிணைப்புகள் அதில் உண்டு. தலைக்குக் குளித்த அன்று ஒரு மாதிரியும் மறுநாள் ஒரு மாதிரியும் முடி நிற்பது அவற்றால்தான். அவற்றைத் தவிர, கந்தக அணுக்கள் இரண்டிரண்டாகக் கைகோத்து நிற்கிற உறுதியான பிணைப்புகள் இருக்கின்றன. சுருளைச் சுருளாகவே பிடித்துவைப்பதில் அவற்றுக்குப் பெரிய பங்கு. தண்ணீரும் சீப்பும் என் பத்து வருஷ வசவும் அவற்றை அசைக்கவில்லை. உன் தையோகிளைகோலேட் களிம்புக்கு அந்தக் கை கோத்திருக்கிற இடம் தெரியும். பிரித்துவிட்டுத்தான் அது மறுவேலை பார்க்கும்.

பிரித்ததை அப்படியே விட்டுவிடுகிறவளும் அல்ல நீ. கற்றை கற்றையாக எடுத்து, 200 டிகிரிக்குக் காய்ந்த இரண்டு தகடுகளுக்கு நடுவே வைத்து இழுத்தாய். தண்ணீர் கொதிப்பது 100 டிகிரியில். ஒவ்வொரு இழுப்புக்கும் ஒரு மெல்லிய புகை எழுந்தது. அது ஆவிதான், பயப்பட வேண்டாம் என்றார்கள். கடைசியில் பெராக்சைடு கலந்த களிம்பைப் பூசி, பிரிந்த கைகளைப் புது இடத்தில் கோத்துவிட்டாய். எல்லாக் கைகளும் மறுபடி கோத்துக்கொள்வதில்லை என்பதை நான் பிறகு படித்தேன். அதை நீ சொல்லவும் இல்லை, மறுக்கவும் இல்லை.

வீட்டுக்கு வந்த பிறகும் உன் சொல்லுக்கு இருந்த மதிப்பு எனக்குப் பொறாமையாக இருந்தது. மூன்று நாள் தலையில் தண்ணீர் படக் கூடாது, ரப்பர் பேண்ட் போடக் கூடாது, காதுக்குப் பின்னால் ஒதுக்கக் கூடாது, மடங்கிப் படுக்கக் கூடாது. நான் சொல்லி ஒரு நாள் சீக்கிரம் படுத்தவள் இல்லை அவள். நீ சொன்னதற்காக மூன்று இரவு முடியைத் தலையணைக்கு மேலே விரித்துப் போட்டுவிட்டு, மல்லாந்து, அசையாமல் தூங்கினாள். நடுராத்திரி எழுந்து பார்த்தபோது, திரும்பிப் படுக்கப்போனவள் தூக்கத்திலேயே ஞாபகம் வந்து மறுபடி மல்லாந்துகொண்டதைப் பார்த்தேன்.

பெரியப்பா மகள் கல்யாணத்தில் எல்லாரும் உன்னைத்தான் பாராட்டினார்கள். மின்விளக்கின் ஒளி அவள் முதுகில் வழுக்கி ஓடியது. "இப்பத்தான் பொண்ணு மாதிரி இருக்கா" என்றாள் அத்தை. என் மகள் சிரித்தாள். அந்தச் சிரிப்பு உண்மையானது, அதையும் உன் கணக்கில்தான் எழுத வேண்டும்.

உன் குலமும் சாதாரணக் குலம் இல்லை. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கார்ல் நெஸ்லர் என்கிற ஜெர்மன் சிகையலங்காரக் கலைஞர், சூடேற்றிய பித்தளை உருளைகளால் நேர்முடியை நிரந்தரமாகச் சுருட்டும் முறையைக் கண்டுபிடித்தார். முதலில் சோதித்துப் பார்த்தது தன் மனைவி கத்தரினாவின் தலையில். அவள் முடி கருகிப் போனது, தலைத்தோலும் வெந்தது. அவர் மனம் தளராமல் அவள் தலையிலேயே மறுபடி முயன்றார். நேராகப் பிறந்ததைச் சுருட்டுவது, சுருண்டு பிறந்ததை நேராக்குவது என்று இரண்டு பக்கமும் நிற்கிற குலம் உன்னுடையது. எந்தப் பெண்ணும் பிறந்தபடியே இருந்துவிடக் கூடாது என்பதில் நீங்கள் ஒருவருக்கொருவர் முரண்பட்டதே இல்லை. அமெரிக்காவில் கேரட் மார்கன் என்பவரின் கதை கொஞ்சம் வேறு. தையல் இயந்திர ஊசி துணியைச் சுட்டுவிடாமல் இருக்க அவர் தயாரித்த திரவம் கம்பளித் துணியின் நூலிழைகளை நேராக்கியதைக் கவனித்தார். பக்கத்து வீட்டு நாயின் மேல் பூசிப் பார்த்தார், பிறகு தன் தலையில் பூசிப் பார்த்தார், அதன் பிறகுதான் விற்றார் என்பார்கள்.

உன் தன்னடக்கத்தைச் சொல்லாமல் விட முடியாது. கெரட்டின் என்ற பெயரில் நீ வரும்போது, பாதிக்கப்பட்ட முடிக்குப் புரதம் ஊட்டுகிறாய் என்றுதான் எல்லாரும் நம்புகிறார்கள். அந்த வகைப் பூச்சுகள் பலவற்றில் நேராக்கும் வேலையைச் செய்வது ஃபார்மால்டிஹைடு, அல்லது சூட்டில் அதை வெளியிடும் பொருள்கள். மருத்துவக் கல்லூரியில் உடல்களைக் கெடாமல் வைக்கிற திரவம் அதில் செய்ததுதான். அது மனிதருக்குப் புற்றுநோய் தரும் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 2004இல் வகைப்படுத்தியது. இவ்வளவு வேலை செய்கிற பொருளின் பெயரைப் புட்டியின் முகப்பில் நீ போட்டுக்கொள்வதில்லை. என் மகள் போன்றவர்கள் வருஷத்தில் ஒரு நாள் அந்த அறையில் மூச்சு விடுகிறார்கள். களிம்பு பூசுகிற பெண், திருவிழாக் காலத்தில் ஒரு நாளைக்கு மூன்று தலை, ஏசி போட்டு ஜன்னலைச் சாத்திய அறையில் நின்றபடி பார்க்கிறாள். அன்று அவள் கண் சிவந்திருந்தது. தூக்கம் இல்லையா என்று கேட்டேன். "பழகிடும்க்கா" என்றாள். இப்படிப் பழக்கிவிடுவதும் ஒரு திறமை.

ஃபார்மால்டிஹைடு கெட்ட பெயர் வாங்கியதும் நீ பிடிவாதம் பிடிக்கவில்லை. கிளையாக்ஸிலிக் அமிலத்துக்கு மாறிக்கொண்டாய். 2024இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் 26 வயதுப் பெண் ஒருத்தியைப் பற்றி மருத்துவர்கள் எழுதினார்கள். 2020, 2021, 2022 என்று மூன்று முறை முடியை நேராக்கிக்கொண்டாள், மூன்று முறையும் அவள் சிறுநீரகம் பாதிக்கப்பட்டது. களிம்பில் இருந்த அந்த அமிலம் தோல் வழியே உள்ளே போய் ஆக்சலேட்டாக மாறிச் சிறுநீரகத்தில் படிந்திருக்கலாம் என்று எலிகளில் சோதித்துக் காட்டினார்கள். அமெரிக்காவில் 33,497 பெண்களை ஏறக்குறைய 11 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வு 2022இல் வந்தது. 70 வயதுக்குள் கருப்பைப் புற்றுநோய் வரும் வாய்ப்பு, உன்னைத் தொடாதவர்களுக்கு 1.64 விழுக்காடு. வருஷத்துக்கு நான்கு முறைக்கு மேல் உன்னிடம் வந்தவர்களுக்கு 4.05. இது தொடர்பைத்தான் காட்டுகிறது, நீதான் காரணம் என்று தீர்ப்பு எழுதவில்லை. உனக்குச் சாதகமான இந்த வரியை நான் மறைக்க விரும்பவில்லை. அந்த ஆய்வில் உன்னிடம் வந்தவர்களில் பெரும்பகுதி கறுப்பினப் பெண்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். சுருள்முடியோடு வேலைக்குப் போனால் தலைவாரவில்லை என்று பார்க்கிற ஊரில், உன் கதவு அவர்களுக்கு எப்போதும் திறந்திருந்தது.

நான்காவது மாதம் உன் கண்ணியம் தெரிந்தது. மயிர்க்காலை நீ தொடவே இல்லை. அது பழையபடி மாதம் ஒரு சென்டிமீட்டர் அளவில் சுருளையே அனுப்பிக்கொண்டிருந்தது. உச்சியில் இரண்டு விரற்கிடைக்குச் சுருள், அதற்குக் கீழே நீ செய்த நேர். இரண்டும் சந்திக்கிற இடத்தில் ஒரு கோடு. அந்தக் கோட்டில்தான் முடி ஒடிந்தது. தலைக்குக் குளித்தால் தண்ணீர் போகாமல் குளியலறையில் தேங்கும். அடைப்பிலிருந்து எடுத்த முடியை வெள்ளைத் தாளில் வைத்துப் பார்த்தேன். தானாகக் கொட்டுகிற முடியின் ஒரு நுனியில் வெள்ளையாகச் சின்ன முண்டு இருக்கும். நாளைக்கு ஐம்பது, நூறு அப்படிப் போவது இயல்பு. இவற்றில் முண்டே இல்லை. இரண்டு நுனியும் பிய்ந்த நூல்போல இருந்தன. வேரிலிருந்து ஒன்றைக்கூட நீ பிடுங்கவில்லை.

கைவிடுகிறவளும் இல்லை நீ. ஆறாவது மாதம் போனில் கூப்பிட்டார்கள். "டச்சப் டைம் வந்துடுச்சு மேடம், முடி டேமேஜா இருந்தா அதுக்கும் ட்ரீட்மென்ட் இருக்கு."

நாங்கள் போகவில்லை. ஒடிந்த முடி செத்த பொருள், அதை ஒட்டவைக்க முடியாது, வளருவதைக் காப்பாற்றலாம் என்று தோல் மருத்துவர் சொன்னார். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை அடியில் மூன்று விரற்கிடை வெட்டினோம். குளிப்பதற்கு முந்தின இரவு தேங்காய் எண்ணெய். முடியிலிருந்து புரதம் கழுவிப் போவதை மினரல் ஆயிலும் சூரியகாந்தி எண்ணெயும் குறைக்காதபோது தேங்காய் எண்ணெய் குறைத்தது என்று 2003இல் வந்த இந்திய ஆய்வு ஒன்று சொல்கிறது. என் அம்மா அதைப் படித்ததில்லை. துண்டால் அடித்துத் துவட்டுவதை நிறுத்திவிட்டு, அப்பாவின் பழைய வேட்டியைக் கிழித்து ஒற்றி எடுக்கிறோம். ஈரமாக இருக்கும்போதே கண்டிஷனர் தடவி, அகலப் பல் சீப்பை நுனியிலிருந்து தொடங்கி மேலே மேலே கொண்டு போகிறேன். நுனிச் சிக்கு எடுபட்ட பிறகுதான் அடுத்த பிடி. அரைமணி நேரம் ஆகிறது. பள்ளிக்கூட நாளில் அந்த அரைமணி நேரத்தை நான் அவளுக்குக் கொடுத்திருந்தால் உனக்கு ஒரு வாடிக்கையாளர் குறைந்திருப்பாள்.

போன மாதம், அந்தக் கோடு தோளுக்குப் பக்கத்தில் வந்ததும், "மிச்சத்தையும் எடுத்துடும்மா" என்றாள். வராந்தாவில் ஸ்டூல் போட்டு உட்காரவைத்து நானே வெட்டினேன். வெட்டி முடித்ததும் பின்கழுத்துச் சுருள் ஒன்று மேலே துள்ளிக் காதோரம் போய் நின்றது. அவள் கையை விட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தாள். வெட்டியதை நான் செய்தித்தாளில் சுற்றி வைத்தேன், தூக்கிப் போட மனம் வரவில்லை. நிரந்தரம் என்று அன்று நீ சொன்னாய். நேற்று மழைக்காற்றில் பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்தேன். ஈரக்காற்று பட்டும் ஒரு நெளிவு இல்லை. நீ சொன்னபடியே நேராகக் கிடக்கிறது.