எங்க ஆளு நெனச்சிருந்தா...

போன ஞாயிற்றுக்கிழமை காலை நடையில் எங்கள் குடியிருப்பின் மேனேஜர் சார் ரவீந்திர ஜடேஜாவுக்கு ஒலிம்பிக் டெக்காத்லான் தங்கத்தை, அதாவது இரண்டு நாளில் ஓட்டம், தாண்டுதல், எறிதல் என்று பத்துப் போட்டிக்கான தங்கத்தை, வழங்கினார். வங்கியிலிருந்து ஓய்வுபெற்று எத்தனையோ வருஷமாகியும் அவர் மேனேஜர்தான். ஜெனரேட்டர் அறையருகே ஆரம்பித்த விழா, பிள்ளையார் கோயில் திருப்பம் வருவதற்குள் முடிந்துவிட்டது.

“ஈட்டியெல்லாம் ஒரு விஷயமா சார்? பவுண்டரில இருந்து அவன் விடுற த்ரோவப் பாத்திருக்கீங்கல்ல? ஓட்டம் கேக்கவே வேணாம். ரெண்டு மாசம் ட்ரெய்னிங் குடுத்தாப் பத்தையும் பிச்சு உதறிருவான்.”

“கோலூன்றித் தாண்டணுமே சார்?”

“அதுக்கு எக்ஸ்ட்ரா ஒரு வாரம் வெச்சுக்குங்க.”

எந்த வீரராக இருந்தாலும், எந்த விளையாட்டாக இருந்தாலும், நம் ஊரில் பயிற்சிக் காலம் இரண்டு மாதம். டைப்ரைட்டிங் லோயர் பாஸ் பண்ணவே ஆறு மாதம் உட்கார்ந்து தட்டியவர்கள் நாம். ஆனால் நமக்குப் பிடித்த ஆள் என்று வந்துவிட்டால் எட்டு வாரத்துக்கு மேல் செலவழிக்க மனசு வராது. சி பிளாக் சாஃப்ட்வேர் தம்பி கூடைப்பந்து லெப்ரான் ஜேம்ஸை இறக்கினார். அந்த உயரத்துக்கு உயரம் தாண்டுதலில் அப்படியே காலைத் தூக்கிப் போட்டால் போதுமாம். பின்னால் வந்துகொண்டிருந்த ஒருவர் மூச்சு வாங்கியபடியே, “தோனி மொதல்ல கோல்கீப்பர் சார், அத மறந்துராதீங்க” என்றார். கோல்கீப்பருக்கும் வட்டு எறிதலுக்கும் என்ன சம்பந்தம் என்று யாரும் கேட்கவில்லை. எல்லோரும் தலையை ஆட்டினார்கள். நீங்கள் அங்கே இருந்திருந்தால் நீங்களும் ஆட்டியிருப்பீர்கள்.

இதை மறுக்க என்னிடம் மூன்று காரணங்கள் இருந்தன. அங்கே சொல்ல விடவில்லை. “டெக்காத்லானா, அங்க ஷூ நல்லா இருக்கும்” என்று ஒருவர் ஆரம்பித்ததும் பேச்சு செருப்பு விலைக்குப் போய்விட்டது. இங்கே யாரும் குறுக்கிட முடியாது. சொல்லியே தீருவேன்.

முதல் காரணம் சுருக்கமானது. டெக்காத்லான்காரர் என்றால் எல்லாவற்றையும் சுமாராகச் செய்கிற ஆள் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். 2018-ல் பிரான்ஸின் தலான்ஸ் நகரில் கெவின் மேயர் 9126 புள்ளி எடுத்து உலக சாதனை படைத்தார். அந்த இரண்டு நாளில் அவர் கோலூன்றித் தாண்டிய உயரம் 5.45 மீட்டர். நம் தமிழ்நாட்டு சுப்பிரமணி சிவா 2022 தேசிய விளையாட்டுப் போட்டியில் இந்திய சாதனை படைத்தபோது தாண்டியது 5.31. சிவா அதற்கென்றே உழைத்தவர். மேயருக்கு அது எட்டாவது ஐட்டம். 2025-ல் சென்னையில் நம்ம ஊர் விஷால் 400 மீட்டரை 45.12 விநாடியில் ஓடி தேசிய சாதனை வைத்தார். ஆஷ்டன் ஈட்டன் என்ற அமெரிக்கர் 2015 பெய்ஜிங்கில் அதே தூரத்தை 45.00-ல் ஓடினார். அன்று காலையிலிருந்து 100 மீட்டர் ஓடி, நீளம் தாண்டி, குண்டு எறிந்து, உயரம் தாண்டிவிட்டு, ஐந்தாவதாக. கனடாவின் டேமியன் வார்னர் டோக்கியோ ஒலிம்பிக் டெக்காத்லானில் 8.24 மீட்டர் நீளம் தாண்டினார். அங்கே நடந்த நீளம் தாண்டுதல் போட்டியிலேயே வெண்கலத்துக்கு 8.21 போதுமானதாக இருந்தது. சுமாரான ஆட்களாம்!

இரண்டாவது காரணம் புள்ளிக் கணக்கு. இதில்தான் எனக்கு அலாதிப் பிரியம். பத்து போட்டிக்கும் தனித்தனிச் சூத்திரம் வைத்திருக்கிறார்கள். ஆயிரம் புள்ளி எடுப்பது எப்படி என்பது மேயர் கவலை. பூஜ்யம் எங்கே ஆரம்பிக்கிறது என்பதுதான் நம் குடியிருப்புச் சங்கத்தின் கவலை. 100 மீட்டரை 18 விநாடியில் ஓடினால் பூஜ்யம். 17 விநாடியில் ஓடினால் 25 புள்ளி. மேனேஜர் சார் பேருந்தைப் பிடிக்க ஓடியதை நான் பார்த்திருக்கிறேன், 25 கிடைக்காது. நீளம் தாண்டுதலில் 2.20 மீட்டருக்குப் பூஜ்யம். மழைக்காலத்தில் எங்கள் கேட் முன்னால் தேங்கும் தண்ணீர் அதைவிட அகலம். அதை யாரும் தாண்டியதில்லை, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்துதான் வருகிறோம். குண்டு 7.26 கிலோ, ஒன்றரை மீட்டர் போனால் பூஜ்யம், இரண்டரை மீட்டர் போனால் 51. பொருளாளர் தைரியசாலி, 51 எடுத்துவிடுவார். ஆனால் மறுநாளிலிருந்து பிசியோதெரபி பில்லைப் பராமரிப்பு நிதியில் சேர்த்துவிடுவார்.

110 மீட்டர் தடை ஓட்டத்தில் பத்துத் தடைகள், ஒவ்வொன்றும் 1.067 மீட்டர். என் இடுப்புக்கு மேலே வருகிறது, வீட்டில் டேப் வைத்து அளந்து பார்த்துவிட்டேன். சுற்றிப் போனால் தகுதி நீக்கம். கையால் தள்ளிவிட்டுப் போகவும் விடமாட்டார்கள். நாற்பது வருடம் அரசு அலுவலகங்களில் எந்தத் தடையையும் சுற்றிப் போய்த்தான் வேலையை முடித்திருக்கிறோம், இப்போது மேலே ஏறித் தாண்டு என்றால்? செயலாளர் முதல் தடையருகே நின்று இதை வைத்தது யார், யாரிடம் அனுமதி வாங்கினீர்கள் என்று விசாரிப்பார். 28.5 விநாடிக்குப் பூஜ்யம். விசாரணை அதற்குள் முடியாது. 1500 மீட்டருக்கு எட்டு நிமிடம் ஆனால் பூஜ்யம். நடுவில் போன் வரும், எடுக்காமல் இருக்க முடியுமா?

கோலூன்றித் தாண்டுதலை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு மீட்டர் தாண்டினால் பூஜ்யம். அதே ஒரு மீட்டரை உயரம் தாண்டுதலில் வெறும் காலால் தாண்டினால் 81 புள்ளி. அதாவது கம்பைக் கீழே போட்டுவிட்டால் 81. கையில் வைத்திருந்தால் ஒன்றுமில்லை. இந்தக் கணக்கைக் கண்டுபிடித்த இரவு சந்தோஷம் தாங்காமல் மனைவியை எழுப்பிச் சொன்னேன். “கரண்ட் பில் கட்டியாச்சா?” என்று கேட்டுவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

அந்தக் கம்பை மேனேஜர் சார் என்னவென்று நினைத்துக்கொண்டிருக்கிறார்? ஐந்து மீட்டர் நீளக் கம்பைத் தூக்கிக்கொண்டு முழு வேகத்தில் ஓடி, தரையில் பதித்த சின்னப் பெட்டிக்குள் அதன் நுனியைச் செருக வேண்டும். செருகும் நேரத்தில் உடம்பு தானாகவே வேகத்தைக் குறைக்கச் சொல்லும். எதிரில் முட்டப்போகிறோம் என்றால் எந்த உடம்பும் அதைத்தான் சொல்லும். குறைத்தால் கம்பு வளையாது. ஆளைத் தூக்கி மெத்தையில் போடுவதற்குப் பதிலாக, வந்த வழியிலேயே திருப்பி விட்டுவிடும். அந்த பயத்தை மறப்பதற்கே வருஷக்கணக்கில் ஆகிறது. மறந்தவர்களுக்கும் உத்தரவாதம் கிடையாது. டான் ஓ’பிரையன், 1992-ல் உலகின் முதல்தர ஆள். அமெரிக்க ஒலிம்பிக் தேர்வில் தான் ஆரம்பித்த உயரத்தையே மூன்று முறையும் தாண்டாமல் விட்டார். அந்த ஒலிம்பிக்குக்கு அவரை நம்பி ஒரு ஷூ கம்பெனி எடுத்திருந்த விளம்பரம் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தது. பார்சிலோனாவுக்கு அவர் போகவில்லை. அதே வருஷம் செப்டம்பரில் உலக சாதனை படைத்தார், அது வேறு விஷயம். இவருக்கே இந்த கதி. எக்ஸ்ட்ரா ஒரு வாரமாம்!

நியாயத்துக்கும் கொஞ்சம் இடம் கொடுக்க வேண்டும். அமெரிக்க கால்பந்து வீரர் டி.கே. மெட்காஃப், நூறு கிலோவுக்கு மேல் எடை, 2021-ல் நிஜமான ஓட்டக்காரர்களோடு 100 மீட்டர் ஓடினார். 10.36 விநாடி. அவர் ஓடிய ஹீட்டில் கடைசி. ஆனால் டெக்காத்லான் கணக்கில் அது ஆயிரத்தைத் தாண்டும். மேயரின் 10.55-ஐவிட அதிகம். சாஃப்ட்வேர் தம்பிக்கு இது தெரியாது, நானும் சொல்லப்போவதில்லை. ஆனால் அந்த உடம்பைத் தூக்கிக்கொண்டு மறுநாள் மாலை, பத்தாவதாக, 1500 மீட்டர் ஓட வேண்டும் என்பதையும் யாராவது அவரிடம் சொல்ல வேண்டும்.

எந்த விளையாட்டுக்காரர் உசத்தி என்ற இந்தச் சண்டையைத் தொலைக்காட்சியிலேயே தீர்த்துப் பார்த்திருக்கிறார்கள். 1973-ல் அமெரிக்காவில் ‘சூப்பர்ஸ்டார்ஸ்’ என்று ஒரு போட்டி. பல விளையாட்டுகளின் நட்சத்திரங்களைக் கூட்டிவந்து, அவரவர் விளையாட்டைத் தவிர மற்றதில் மோதவிட்டார்கள். குத்துச்சண்டையில் உலகையே நடுங்கவைத்த ஜோ ஃப்ரேஸியர் நீச்சல்குளத்தில் குதித்த பிறகுதான், அவருக்கு நீச்சல் தெரியாது என்பது மற்றவர்களுக்குத் தெரிந்தது. ஜெயித்தது யார் தெரியுமா? பாப் சீக்ரன். கோலூன்றித் தாண்டுபவர்! இதைப் படித்த அன்று எனக்கு இரண்டு நேரம் பசிக்கவில்லை. பிற்பாடு கால்பந்துக்காரரான கைல் ரோட் ஜூனியர் மூன்று தடவை ஜெயித்தார் என்பதை இங்கே வேகமாகச் சொல்லிக் கடந்துவிடுகிறேன். 1976-ல் இங்கிலாந்தில் நடந்த ஒரு சுற்றில் கால்பந்துக்காரர் கெவின் கீகன் சைக்கிளிலிருந்து விழுந்து முதுகுத் தோல் உரிந்து, அப்படியே மறுபடி ஏறி ஓட்டிக் கடைசியில் ஜெயித்தும்விட்டார். அதையும் கடந்துவிடுவோம்.

டெக்காத்லான், மற்ற விளையாட்டு இரண்டையும் உண்மையிலேயே செய்து காட்டியவர் ஜிம் தோர்ப். 1912 ஸ்டாக்ஹோமில் பென்டாத்லானிலும் டெக்காத்லானிலும் தங்கம். அங்கே அவருடைய ஷூவை யாரோ எடுத்துவிட, ஜோடி பொருந்தாத இரண்டு ஷூவைக் காலுக்கொன்றாக மாட்டிக்கொண்டு ஓடினார். புகைப்படத்தில் இரண்டு காலிலும் சாக்ஸ்கூட வேறு வேறு. பேஸ்பாலும் அமெரிக்க கால்பந்தும் தொழில்முறையில் ஆடியவர். அதற்குக் கிடைத்த மரியாதை? முன்னொரு காலத்தில் சின்ன பேஸ்பால் குழுவில் கொஞ்சம் காசு வாங்கி ஆடினார் என்று அடுத்த வருஷமே பதக்கங்களைப் பிடுங்கிக்கொண்டார்கள். முழுசாகத் திருப்பித் தர 2022 வரை ஆயிற்று. அவர் இறந்து சுமார் எழுபது வருஷம் கழித்து. 1956 சாம்பியன் மில்ட் கேம்ப்பெல் அடுத்த வருஷம் கிளீவ்லேண்ட் பிரவுன்ஸ் அணியில் கால்பந்து ஆடினார். 1960 சாம்பியன் ரேஃபர் ஜான்சன் கல்லூரியில் கூடைப்பந்து ஆடியவர். ஆக, இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் வழி இருக்கிறது. அந்தப் பக்கத்திலிருந்து இந்தப் பக்கம் வர...

சரி, மூன்றாவது காரணம்தான் முக்கியமானது. அதற்கு முன்னால் ஹாங்சோ பற்றி ஒரு வார்த்தை.

2023 ஆசிய விளையாட்டுப் போட்டி. தேஜஸ்வின் சங்கர், டெல்லியில் வளர்ந்த தமிழ்க் குடும்பத்துப் பையன். சின்ன வயதில் கிரிக்கெட்டில் வேகப்பந்து போட்டவர். அதை விட்டு உயரம் தாண்டப் போனார், 2022 காமன்வெல்த்தில் வெண்கலம் வாங்கினார். அடுத்த வருஷம் ஹாங்சோவில் பத்தையும் எடுத்துக்கொண்டு இரண்டு நாள் ஓடி, தாண்டி, எறிந்து 7666 புள்ளி. பரதிந்தர் சிங் 2011-ல் வைத்திருந்த தேசிய சாதனையை எட்டே புள்ளியில் உடைத்து வெள்ளி. 1974 டெஹ்ரானுக்குப் பிறகு ஆசிய விளையாட்டுப் போட்டியில் இந்தியா பார்த்த முதல் டெக்காத்லான் பதக்கம். அதே ஹாங்சோவில் நம் கிரிக்கெட் அணி நேராகக் காலிறுதியில் இறங்கி, இறுதிப் போட்டிக்கு வந்து, பாதி ஆட்டத்தில் மழை பிடித்துக்கொள்ள, ஆட்டம் கைவிடப்பட்டு, தரவரிசையில் மேலே இருப்பதால் தங்கம் வாங்கியது. பசங்கமேல் தப்பில்லை. மழை பெய்தால் அவர்கள் என்ன செய்வார்கள்? ஆனால் எங்கள் குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவில் அன்று அறுபது பேர் தேசியக்கொடி போட்டார்கள். தேஜஸ்வினுக்கு நான் ஒருவன்தான் போட்டேன். கீழே ஒருவர், “யார் சார் இது, உங்க பையனா? வாழ்த்துகள்” என்று எழுதியிருந்தார்.

எனக்குக் கோபம் ஜடேஜாமேல் இல்லை. அவர் பாவம், தன் வேலையைப் பிரமாதமாகச் செய்துகொண்டிருக்கிறார். யாரும் அவரிடம் ஈட்டி கொடுக்கவில்லை, அவரும் கேட்கவில்லை. பிரபலமானவனுக்கு அவன் செய்யாததையும் சேர்த்து எழுதிவைக்கும் நமக்கு, செய்து முடித்தவன் பெயர்கூடத் தெரியவில்லை என்பதுதான்... இது மூன்றாவது காரணம் இல்லை. மூன்றாவது, தசை பற்றியது, கொஞ்சம் விஞ்ஞானம்.

அதைச் சொல்லலாம் என்று உட்கார்ந்தபோதுதான் பொங்கல் விளையாட்டு விழா சுற்றறிக்கையைக் கதவிடுக்கில் செருகிவிட்டுப் போனார்கள். லெமன் ஸ்பூன், மியூசிக்கல் சேர், கோலம், இரவு விளக்கொளியில் பாக்ஸ் கிரிக்கெட். செயலாளரைக் கூப்பிட்டு, ஒரு நீளம் தாண்டுதலாவது வைக்கக்கூடாதா, பி பிளாக் பின்னால்தான் கட்டட வேலைக்கு மணல் கொட்டியிருக்கிறதே என்று கேட்டேன்.

“மணல் விக்கிற வெலைக்கு அதுல போய்க் குதிக்கவா சார்?” என்றார். பாக்ஸ் கிரிக்கெட்டுக்குத் தலைக்கு ஐந்நூறு, ஜிபேயில் போட்டுவிடுங்கள் என்றார்.

போட்டுவிட்டேன். ஜெர்சி சைஸ் கேட்டிருக்கிறார்கள்.