பொறுப்பேற்காத நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்: மேதகு நிர்வாகம், கட்டண வாகன நிறுத்துமிடம், அடித்தளம் இரண்டு; தமிழ்நாட்டின் வணிக வளாகங்கள், திருமண மண்டபங்கள், திரையரங்குகள், மருத்துவமனைகள் அனைத்தும்.

பொருள்: நிறுத்தப்பட்ட கார்களிலிருந்து களவுபோகும் உடைமைகள் விஷயத்தில் நிர்வாகம் கடைப்பிடித்துவரும் பற்றற்ற நிலையைப் பாராட்டுதல் – தொடர்பாக.

தமிழ்நாட்டு நகரங்களில் கட்டணம் வாங்கிக்கொண்டு கார் நிறுத்த இடம் தரும் ஏறத்தாழ எல்லா வளாகங்களிலும், நுழைவாயிலைத் தாண்டியவுடன் ஓர் அறிவிப்புப் பலகை காணப்படும். வாகனங்களை அவரவர் சொந்தப் பொறுப்பில் நிறுத்த வேண்டும் என்றும், உள்ளே வைத்துச் செல்லும் விலையுயர்ந்த பொருட்களுக்கு நிர்வாகம் பொறுப்பல்ல என்றும் அது அறிவிக்கும். இந்த வாசகத்தின் சிக்கனம் வியக்கத்தக்கது. கட்டண விகிதத்தைச் சொல்லும் பலகைக்கு மணிக்கணக்கு, வார இறுதிக் கூடுதல், டோக்கன் தொலைத்தால் அபராதம் என்று பத்து வரிகள் தேவைப்படும்போது, ஒரு வளாகத்தின் சட்டக் கடமைகள் அனைத்தையும் துறப்பதற்கு இரண்டே வரிகள் போதுமாக இருக்கின்றன. டோக்கனைத் தொலைத்தவர் அபராதம் கட்டுவதும், காரில் இருந்ததைத் தொலைக்கவிட்டவர் எதுவும் கட்டாமலிருப்பதும் ஒரே சுவரில் அடுத்தடுத்து எழுதப்பட்டிருப்பதைப் படித்துக்கொண்டே வாகன உரிமையாளர்கள் உள்ளே செல்கிறார்கள் என்பது, இந்நாட்டு மக்களின் பொறுமைக்கு நல்ல சான்று.

நிர்வாகம் எதையுமே செய்வதில்லை என்று குறைகூறுவோர் கார் நிறுத்தப்படும் காட்சியைக் கவனித்ததில்லை. விசிலை வாயில் வைத்தபடி ஒரு காவலர் பின்னால் நின்று, “வாங்க, வாங்க, லெஃப்ட்ல ஒடிங்க, போதும் போதும்” என்று தூணுக்கு நான்கு விரற்கடைக்கு முன்னால் காரை நிறுத்திவைப்பதில் காட்டும் அக்கறை, ஒரு கப்பலைத் துறைமுகத்தில் கட்டுவோரிடமும் காண்பதரிது. உரிமையாளர் மின்தூக்கியில் ஏறியதும் அக்காவலர் வெளியேறும் வாயிலுக்குத் திரும்பிவிடுகிறார்; அங்கேதான் பணம் வசூலாகிறது. காருக்கும் தூணுக்கும் இடையிலான தொலைவைக் காப்பது நிர்வாகத்தின் வேலை, காருக்கும் திருடனுக்கும் இடையிலான தொலைவைக் காப்பது உரிமையாளரின் வேலை என்ற இந்த வேலைப் பிரிவினை எந்த ஒப்பந்தத்திலும் கையெழுத்தாகவில்லை என்றாலும் சிறப்பாகவே நடந்துவருகிறது.

சட்டம் இந்தப் பலகையைப் போல் அவ்வளவு சுருக்கமாகப் பேசுவதில்லை என்பதை இங்கே தயக்கத்துடன் குறிப்பிட வேண்டியுள்ளது. 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் தன் 148ஆம் பிரிவில் ஒப்படைப்பு என்னும் உறவை வரையறுக்கிறது. ஒருவர் தம் பொருளை ஒரு நோக்கத்துக்காக இன்னொருவர் கையில் கொடுத்து, அந்நோக்கம் முடிந்ததும் திரும்பப் பெற உடன்படுவதே ஒப்படைப்பு. சலவைக்குத் துணி போடுவதும் பழுதுபார்க்கக் கடிகாரம் கொடுப்பதும் இவ்வகையே. அவ்வாறு பெற்றுக்கொண்டவர், சாதாரண விவேகமுள்ள ஒருவர் தம் சொந்தப் பொருளை எவ்வளவு கவனத்தோடு பார்த்துக்கொள்வாரோ அவ்வளவு கவனத்தோடு அதைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று 151ஆம் பிரிவு கூறுகிறது. நிர்வாக இயக்குநரின் சொந்தக் கார் எந்தத் தூணருகே, எந்தக் கேமராவின் கீழே, யாருடைய நேரடிப் பார்வையில் நிறுத்தப்படுகிறது என்பதைக் கவனித்தால் இப்பிரிவின் பொருள் எளிதில் விளங்கும்.

1998ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் தில்லியின் நட்சத்திர விடுதி ஒன்றில், வாலே பார்க்கிங் என்ற முறையில், அதாவது சாவியை விடுதி ஊழியரிடம் கொடுத்து அவரையே நிறுத்தச் சொல்லும் முறையில், விருந்தினர் ஒருவர் தம் மாருதி ஜென் காரை ஒப்படைத்துவிட்டு உள்ளே சென்றார். திரும்பி வந்தபோது காரை வேறு யாரோ ஓட்டிச் சென்றுவிட்டிருந்தனர். அவருக்குக் கொடுக்கப்பட்ட சீட்டில், களவு நேர்ந்தால் நிர்வாகம் பொறுப்பாகாது என்ற வழக்கமான மங்கல வாசகம் அச்சிடப்பட்டிருந்தது. இருபத்தோராண்டுகள் கழித்து, 2019 நவம்பரில், உச்ச நீதிமன்றம் அந்தச் சீட்டை ஏற்கவில்லை. சாவியைக் கையில் வாங்கிக்கொண்ட பிறகு கார் ஒப்படைக்கப்பட்டதாகவே கொள்ள வேண்டும் என்றும், தன்னிடம் கவனக்குறைவு இல்லை என்று மெய்ப்பிக்கும் சுமை விடுதியையே சேரும் என்றும், தன் அலட்சியத்துக்கான பொறுப்பை ஒரு சீட்டின் வாசகத்தால் கழித்துவிட முடியாது என்றும் அது தீர்ப்பளித்தது. ஒரு சிறிய காருக்காக இருபத்தோராண்டுகள் வழக்காடும் காப்பீட்டு நிறுவனம் துணைக்கு இருந்தால் எவரும் இந்நீதியை எட்டலாம்.

ஆனால் நிர்வாகம் கலங்க வேண்டியதில்லை. அத்தீர்ப்பு சாவி கைமாறிய கார்களைப் பற்றியது. பெரும்பாலான கட்டண நிறுத்துமிடங்களில் உரிமையாளரே காரை நிறுத்தி, பூட்டி, சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொள்கிறார். ஆகவே கொடுக்கப்பட்டது இடம் மட்டுமே, பெறப்பட்டது இடத்துக்கான வாடகை மட்டுமே என்று வாதிட வழி இருக்கிறது. சாவியையே கொடுத்திருந்தாலும்கூட, பின்னிருக்கையில் லேப்டாப் பை ஒன்று இருந்ததாக நிர்வாகத்திடம் யார் சொன்னார்கள் என்ற கேள்வி எஞ்சி நிற்கும்.

இனி, கண்ணாடி. காரின் முன்கண்ணாடி இரண்டு தகடுகளுக்கு நடுவே நெகிழிப் படலம் வைத்து ஒட்டப்பட்டது. உடைந்தாலும் விரிசல் விட்டபடி அப்படியே நிற்கும். பெரும்பாலான கார்களின் பக்கவாட்டுக் கண்ணாடியோ 600 டிகிரி செல்சியசுக்கு மேல் சூடாக்கி, காற்றைப் பீய்ச்சித் திடீரெனக் குளிர்விக்கப்பட்ட வகையைச் சேர்ந்தது. அதன் மேற்பரப்பு இறுகியும் உட்பகுதி இழுபட்டும் இருப்பதால், கூரிய ஒரு முனை ஓரிடத்தில் மேற்பரப்பைத் துளைத்த கணமே முழுக் கண்ணாடியும் கற்கண்டு போன்ற சிறு துண்டுகளாக உதிர்ந்துவிடும். விபத்தில் பயணியின் கழுத்தை அறுக்காமலிருப்பதற்காகச் செய்யப்பட்ட இந்த ஏற்பாடு, திருடரின் கையையும் அறுப்பதில்லை. பல கார்களின் அபாய ஒலிப்பான் கதவு திறக்கப்படுவதைத்தான் உணர்கிறது. கண்ணாடி உதிர்ந்த ஓட்டை வழியே கை நுழைத்துப் பையை எடுத்துக்கொள்பவருக்குக் கதவைத் திறக்க வேண்டிய தேவையே எழுவதில்லை. உரிமையாளருக்கு மிஞ்சுவது இருக்கைத் தையலின் இடுக்குகளிலிருந்து மாதக்கணக்கில் வெளிவந்துகொண்டிருக்கும் அந்தத் துண்டுகள்.

உள்ளே என்ன இருக்கிறது என்பதே வெளியே தெரியாமல் செய்துவிட்டால் என்ன என்று கேட்கத் தோன்றலாம். மத்திய மோட்டார் வாகன விதிகளின் 100ஆம் விதிப்படி முன்கண்ணாடியும் பின்கண்ணாடியும் குறைந்தது 70 விழுக்காடு வெளிச்சத்தையும், பக்கவாட்டுக் கண்ணாடிகள் குறைந்தது 50 விழுக்காட்டையும் உள்ளே விட வேண்டும். 2012இல் உச்ச நீதிமன்றம் கறுப்புப் படலம் ஒட்டுவதைத் தடைசெய்தது. ஓடும் கார்களுக்குள் குற்றங்கள் மறைவதைத் தடுக்க எழுந்த அத்தடைக்கு நியாயமான காரணம் உண்டு. அதன் பக்கவிளைவாக, அரசாங்கக் கோப்புகளில் இன்னும் முழுமையாகக் கைகூடாத வெளிப்படைத்தன்மை, நிறுத்தப்பட்ட கார்களின் பின்னிருக்கைகளில் கைகூடிவிட்டது.

எஞ்சியிருப்பது உரிமையாளரின் தற்காப்பு மட்டுமே. அதிலும் உரிமையாளர்கள் தேர்ந்தவர்கள் அல்லர் என்பதை நேர்மையாகச் சொல்ல வேண்டும். கடைத்தெருவில் காரை நிறுத்தியபின் இறங்கி, நான்கு பக்கமும் பார்த்துவிட்டு, கைப்பையை எடுத்து டிக்கிக்குள் வைத்துப் பூட்டுபவர், பார்த்துக்கொண்டிருப்போர் அனைவருக்கும் அதன் இருப்பிடத்தைச் செயல்முறை விளக்கமாகக் காட்டிவிடுகிறார். வைக்கத்தான் வேண்டுமெனில் புறப்படும் இடத்திலேயே வைத்துவிட்டு வர வேண்டும். செல்பேசியை எடுத்துச் சென்றுவிட்டு, அதன் தாங்கியையும் தொங்கும் சார்ஜர் வடத்தையும் விட்டுச்செல்வது, டேஷ்போர்டுக்குள் வேறு ஏதேனும் இருக்கலாம் என்ற நம்பிக்கையைத் தூண்டும். நடந்துகொண்டே தோளுக்குப் பின்னால் ரிமோட்டை அழுத்திவிட்டுப் போவது நாகரிகமாகத் தோன்றினாலும், அந்தச் சமிக்ஞையைக் குலைக்கும் கருவிகள் உண்டாதலால் கைப்பிடியை ஒருமுறை இழுத்துப் பார்ப்பதே பாதுகாப்பு. இவ்வளவையும் பலகையில் எழுதியிருந்தால் அது பயன்படும் பலகையாக இருந்திருக்கும். இரண்டு வரிச் சிக்கனம் கெட்டுப்போயிருக்கும்.

நிர்வாகத்தின் கொள்கை அதன் மதிற்சுவருக்கு வெளியேயும் பரவி வேரூன்றியிருப்பதைக் காண விரும்புவோர் ஒரு முகூர்த்த நாளில் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே நிற்கலாம். வங்கியில் எடுத்த பணம் துணிப்பையில் காரின் முன்னிருக்கைக்குக் கீழே இருக்கும். உரிமையாளர் பத்திர எழுத்தரின் மேசைக்கும் காருக்குமாக நடந்துகொண்டிருப்பார். அப்போது ஒருவர் வந்து, “சார், வண்டிக்கு அடியில ஆயில் ஒழுகுது” என்பார். அல்லது கதவருகே சில பத்து ரூபாய் நோட்டுகள் கிடப்பதைக் காட்டி, “உங்க பணமா பாருங்க” என்பார். உரிமையாளர் குனிந்து நிமிர்வதற்குள் மறுபக்கக் கதவு திறந்து மூடியிருக்கும். வங்கி வாசல்களில் காவல் துறை எச்சரிக்கைத் தட்டிகள் வைத்தும் இந்தப் பழைய உத்தி ஓய்வு பெறவில்லை என்பதை மாவட்டச் செய்திப் பக்கங்கள் மறவாமல் தெரிவித்துவருகின்றன.

இங்கே திருடருக்குத் துணைநிற்பது அவருடைய கைத்திறன் மட்டுமன்று. நிலத்தின் சந்தை விலைக்கும், பத்திரத்தில் காட்டப்படும் வழிகாட்டி மதிப்புக்கும் – அதாவது முத்திரைத் தீர்வையைக் கணக்கிட அரசு நிர்ணயித்த குறைந்தபட்ச மதிப்புக்கும் – இடையிலான வேறுபாடே பெரும்பாலும் அந்தத் துணிப்பையில் பயணிக்கிறது. அசையாச் சொத்து விற்பனைக்கான தொகையை 20,000 ரூபாய் அல்லது அதற்கு மேல் ரொக்கமாகப் பெறுவதை வருமான வரிச் சட்டம் 2015 முதல் தடுத்துவருகிறது. ஆகவே சட்டத்தின் கண்ணில் அந்தப் பை புறப்பட்டிருக்கவே கூடாது. புறப்படாத பை களவுபோனதாகப் புகார் எழுத உட்காரும் மனிதர், எவ்வளவு தொகை என்ற கட்டத்துக்கு வந்ததும் பேனாவை மேசையில் வைத்துவிட்டு மைத்துனரைப் பார்க்கிறார். தம் பங்குக்குரிய முழுத்தொகையும் வெளியே சொல்லப்படாது என்பதை அறிந்த ஒரே கணக்காளர் திருடர்தான்.

கணக்கில் வரும் பணத்தையும் பொருளையும் இழந்தவர்களுக்கு மட்டும் எல்லாம் எளிதாகிவிடுவதில்லை. பிடியாணையின்றிக் கைது செய்யத்தக்க குற்றம் பற்றிய தகவல் வந்தால் முதல் தகவல் அறிக்கை பதிவது கட்டாயம் என்று உச்ச நீதிமன்றம் 2013இல் அறுதியிட்டது. காவல் நிலையத்தில் முதலில் கிடைப்பதோ சி.எஸ்.ஆர். எனப்படும் மனு ரசீது. லேப்டாப் களவுபோனது என்பதைத் தொலைந்துபோனது என்று எழுதிக்கொடுத்தால் விரைவில் முடியும் என்ற நட்பார்ந்த ஆலோசனையும் சில இடங்களில் உடன் கிடைக்கும். காப்பீட்டு நிறுவனத்தை அணுகினால், வழக்கமான முழுக் காப்பீடு காரையும் அதில் பொருத்தப்பட்ட உதிரிகளையும் மட்டுமே காக்கும், கண்ணாடிக்கு உண்டு, பைக்கு இல்லை என்ற விளக்கம் வரும். தனிப்பட்ட உடைமைகளுக்கென்று கூடுதல் தொகை கட்டிப் பெறும் இணைப்புக் காப்பீடு உண்டு. பணமும் நகையும் பொதுவாக அதிலும் விலக்கு. மதிப்புக் குறைந்தவற்றைக் காப்பதில் யாவரும் ஆர்வமாகத்தான் இருக்கிறார்கள்.

வங்கிப் பாதுகாப்புப் பெட்டகங்களின் சுவரிலும் ஒரு காலத்தில் நிர்வாகத்தின் பலகையைப் போன்ற வாசகமே ஆட்சிசெய்தது என்பதை இந்த இடத்தில் நினைவூட்டுவது முறையாகும். 2021 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி வெளியிட்டு, 2022 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்த நெறிமுறைகளின்படி, களவோ தீயோ கட்டட இடிபாடோ ஊழியரின் மோசடியோ நேர்ந்து பெட்டகப் பொருள் இழக்கப்பட்டால், தனக்குப் பொறுப்பே இல்லை என்று வங்கி சொல்ல முடியாது. ஆண்டு வாடகையின் நூறு மடங்கு வரை கொடுக்க வேண்டும். பெட்டிக்குள் என்ன இருக்கிறதென்று வங்கிக்கும் தெரியாது. தெரியாததற்கு எப்படிப் பொறுப்பேற்பது என்ற வாதத்துக்கு அந்த நூறு மடங்கு வரம்பே பதிலாக அமைந்தது.

கட்டண நிறுத்துமிடத்துக்கும் அதே கணக்கைப் பணிவுடன் பரிந்துரைக்கலாம். ஆண்டு வாடகை எல்லாம் வேண்டாம். மணிக்கு 40 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், ஒரு மணிக் கட்டணத்தின் நூறு மடங்கு 4,000 ரூபாய். களவுபோன லேப்டாப்புக்கு இது ஈடாகாது. ஒரு சிறிய காரின் பக்கவாட்டுக் கண்ணாடிக்கு ஒருவேளை ஈடாகக்கூடும். தொகை சிறிதென்றாலும் அது நிர்வாகத்தின் கல்லாவிலிருந்து வெளியேறும் தொகை. அத்தகைய தொகைகளைப் பற்றி நிர்வாகம் எப்போதும் கூர்மையாகச் சிந்திக்கும். ஒரே மாதத்தில் நான்கு கண்ணாடிகளுக்குப் பணம் கொடுக்க நேர்ந்தால், கேமராக்களில் எவை வேலை செய்கின்றன, எது வெள்ளையடித்த சுவரைப் படம்பிடித்துக்கொண்டிருக்கிறது என்பதைக் கணக்குப் பிரிவே இறங்கி வந்து பார்க்கும். வெளியேறும் வாயிலில் டோக்கன் வாங்கும் காவலருக்கு இணையாக, தூண்களுக்கு நடுவே நடந்துவர இன்னொருவருக்குச் சம்பளம் போடலாமா என்ற கோப்பும் அன்றே நகரத் தொடங்கும்.

இப்படிக்கு,
பக்கவாட்டுக் கண்ணாடி மாற்றிய வாகன உரிமையாளர்கள்