வலது முழங்காலின் மேல்முறையீடு

விடுநர்:
வலது முழங்கால்,
பாராசூட் பிரிவு (ஓய்வு),
அமெரிக்கத் தரைப்படை.

பெறுநர்:
உயர்திரு செயலாளர் அவர்கள்,
முன்னாள் படைவீரர் நலத்துறை,
வாஷிங்டன்.

பொருள்: பூஜ்யம் சதவீத ஊனம் வழங்கியமைக்கு நன்றி தெரிவித்தலும், மேல்முறையீடு செய்தலும் – தொடர்பாக.

ஐயா,

மனுதாரர் முதுகுச் சுமையோடு விமானத்திலிருந்து குதித்து, ஒவ்வொரு முறையும் தரையின் அடியை வாங்கிக்கொண்டவர். தரையை முதலில் தொட்டது பாதம்தானே என்று துறையின் வழக்கறிஞர் ஆட்சேபிக்கலாம். தொட்டது பாதம், வாங்கியது மனுதாரர். ஜவ்வு கிழிந்தது, பின்னாலேயே தேய்மானமும் வந்தது. இது பணியில் வந்த கோளாறுதான் என்று துறையே ஒப்புக்கொண்டு, ஊனத்தின் அளவு பூஜ்யம் சதவீதம் என்று கடிதம் அனுப்பியிருக்கிறது. கேலியில்லை, அங்கே அப்படியொரு சதவீதம் உண்மையாகவே உண்டு. பந்திக்கு அழைத்து உட்காரவைத்துவிட்டு இலை போடாமல் நகர்ந்துவிடும் மரியாதை அது.

துறையின் அட்டவணை நுட்பமானது. நல்ல முழங்கால் 140 டிகிரி வரை மடங்கும் என்கிறது. 60 டிகிரியோடு நின்றுவிட்டால் பூஜ்யம். 45-இல் நின்றால் 10 சதவீதம், 30-இல் நின்றால் 20, 15-இல் நின்றால் 30. நாற்காலியில் ஒழுங்காக உட்காரவே சுமார் 90 டிகிரி வேண்டும். ஆக, ஒருவர் பேருந்தில் காலை நீட்டியபடியே உட்கார்ந்து, போகிறவர் வருகிறவரிடமெல்லாம் திட்டு வாங்கும் நிலைக்கு வந்த பிறகும் இந்த வரிசைப்படி அவருக்குக் காசு பெறும் குறை ஒன்றுமில்லை. நல்லவேளையாக, அதே விதித் தொகுப்பில் இன்னொரு பிரிவும் இருக்கிறது: மடக்கும்போது வலிக்கும் மூட்டுக்குக் குறைந்தபட்சச் சதவீதமாவது தர வேண்டும். முழங்காலுக்கு அது 10. 2025-ஆம் ஆண்டு விகிதப்படி மாதம் 175 டாலர் 51 சென்ட். மனுதாரரின் கோப்பைப் பார்த்தவர் அந்தப் பக்கத்தைப் புரட்டவில்லை.

பரிசோதனை நடந்த விதத்தையும் சொல்ல வேண்டும். துறை அமர்த்திய ஒப்பந்த மருத்துவர் மனுதாரரைப் படுக்கவைத்து, கோணமானியை வைத்து, ஒரு முறை மடக்கிப் பார்த்தார். அன்று பார்த்து வலி அடங்கியிருந்தது. வலி முற்றும் நாளில் எவ்வளவு மடங்கும் என்ற கட்டத்தில் "ஊகிக்காமல் சொல்ல இயலாது" என்று எழுதி முடித்தார். ரப்பர் ஸ்டாம்பாகவே செய்து வைத்துக்கொள்ளத் தக்க வாக்கியம். ஆனால் 2017-இல் ஷார்ப் வழக்கில் படைவீரர் மேல்முறையீட்டு நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது: வலி முற்றாத நாளில் சோதித்தோம் என்று மட்டும் சொல்லித் தப்ப முடியாது, வந்தவரையே விசாரித்து, மதிப்பிட்டு எழுத வேண்டும். அதற்கு முந்தைய ஆண்டு கொரேயா வழக்கில், எடை தாங்கும்போதும் தாங்காதபோதும், தானே மடக்கும்போதும் பிறர் மடக்கும்போதும், கூடுமானால் பழுதில்லாத மறுகாலோடு ஒப்பிட்டும் சோதிக்கச் சொல்லியிருந்தது. மனுதாரரை எழுந்து நிற்கக்கூடச் சொல்லவில்லை. அவர் பணியில் இருந்தபோது படுத்துக்கொண்டு யாரும் குதித்ததாக நினைவில்லை.

இந்த இடத்தில் மெல்பா சாண்டர்ஸ் வழக்கைத் துறைக்கு நினைவூட்டுவது மனுதாரரின் கடமை. அவர் 1987 முதல் 1994 வரை தரைப்படையில் இருந்தவர். பணிக்காலத்திலேயே முட்டிவலி பதிவானது. 2008-இல் இழப்பீடு கேட்டார். 2011-இல் துறையின் பரிசோதகர், வலி இருக்கிறது, அதனால் இயக்கம் தடைப்படுகிறது, பணியோடு தொடர்பும் உண்டு என்றெல்லாம் எழுதினார். ஆனால் நோய்க்குப் பெயர் வைக்கும்படியான கோளாறு எதுவும் தென்படவில்லை என்றும் எழுதினார். பெயரில்லாத வலி வலியாகாது என்று துறையின் மேல்முறையீட்டு வாரியம் கைவிரித்தது. 1999-ஆம் ஆண்டுத் தீர்ப்பொன்றைக் காட்டி, படைவீரர் நீதிமன்றமும் ஆமோதித்தது. 2018-இல் ஃபெடரல் மேல்முறையீட்டு நீதிமன்றம்தான் அதைத் தள்ளியது. இயக்கத்தைக் கெடுக்கும் வலி, நோயின் பெயர் தெரியாவிட்டாலும், தானே ஊனமாகும் என்றது. முட்டிவலி உள்ள எந்தப் பாட்டியைக் கேட்டிருந்தாலும் இதைக் காசு வாங்காமல் சொல்லியிருப்பார். சொல்லிவிட்டுத் தைலமும் தந்திருப்பார்.

துறையின் கூட்டல் கணக்கு தனிக் கலை. இரண்டு கோளாறுகளுக்குத் தலா 50 சதவீதம் என்றால் மொத்தம் 75, அதை முழுமையாக்கி 80. தலா 10 என்றால் 19. இரண்டும் இரு முழங்கால்கள் என்றால் அந்த 19-இல் பத்தில் ஒரு பங்கு கருணையாகச் சேர்ந்து 20.9 ஆகும், கடைசியில் 20 என்று எழுதப்படும். இதற்கு உச்சவரம்பும் உண்டு. ஒரே முழங்காலில் எத்தனை கோளாறு சேர்ந்தாலும், அந்தக் காலை முழங்காலுக்கு மேலே வெட்டி எடுத்தால் கிடைக்கும் 60 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. இந்த விதியைப் படித்த நாள்முதல் மனுதாரர் ரம்பம் இருக்கும் அறைகளைத் தவிர்த்து வருகிறார்.

மேல்முறையீட்டுக்கு 2019 பிப்ரவரி முதல் மூன்று வழிகள். முதலாவதில் புதிய சான்று இல்லாமல் போக முடியாது. இரண்டாவதில் மூத்த அதிகாரி பழைய கோப்பை மறுபடி படிப்பார். புதிய சான்றைக் காட்டக் கூடாது. மூன்றாவது, வாஷிங்டனில் இருக்கும் அதே மேல்முறையீட்டு வாரியம். அங்கே போனால் உள்ளே மீண்டும் மூன்று வரிசைகள். எந்த வழியானாலும் தீர்ப்புக் கடிதத்தின் தேதியிலிருந்து ஓராண்டுக்குள் கிளம்பினால்தான் முதலில் மனுப் போட்ட தேதி பிழைக்கும். பரிசோதனையில் குறை என்று கண்டுபிடிக்கப்பட்டால், பரிகாரம் பெரும்பாலும் இன்னொரு பரிசோதனை.

இத்தனைக்கும் சட்டம் தாராளமானது. சான்று இருபக்கமும் ஏறத்தாழச் சமமாக இருந்தால் சந்தேகத்தின் பலன் படைவீரருக்கே என்கிறது. இவ்வளவு இரக்கமான சட்டத்தை வைத்துக்கொண்டு இவ்வளவு கஞ்சத்தனமாகக் கோப்பு நகர்த்துவதற்கும் தனித்திறமை வேண்டும்.

ஆகவே மனுதாரர் வேண்டுவது இவ்வளவுதான். அவரை நிற்கவைத்து ஒரு முறை சோதியுங்கள். வலி முற்றும் நாட்களைப் பற்றிக் கேளுங்கள். சொன்ன பதிலை அப்படியே எழுதுங்கள். மறுப்பதானால், மேற்சொன்ன தீர்ப்புகளைப் படித்த பிறகு மறுக்கும்படி கேட்டுக்கொள்கிறார்.

இப்படிக்கு,
வலது முழங்கால்.

நகல்: இடது முழங்கால் – வலதுக்காக எடை தாங்கித் தேய்ந்தவர். துணைக் கோளாறு என்ற பிரிவில் அடுத்த மனு அவருடையது.