ஓவியத்தின் நேம் பிளேட்

கண்காட்சியில் மாட்டப்படும் ஓவியத்தின் பக்கத்தில், அது எந்த நினைவிலிருந்து பிறந்தது என்பதை வரைந்தவரே நாலைந்து வரிகளில் எழுதி ஒட்டும் அட்டைக்குக் 'கலைஞர் கூற்று' என்று பெயர். ஓவியத்தை ஒரே மூச்சில் முடித்துவிடும் இளம் ஓவியர்கள் இந்த அட்டையின் முன் நகத்தைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவதற்குக் காரணம், ஓவியத்துக்குப் பின்னாலிருக்கும் உண்மைக் கதை பெரும்பாலும் வெளியில் சொல்லும் தரத்தில் இருப்பதில்லை என்பதே. வலது மூலை வெள்ளையாக நின்றதற்கு நீல வண்ணம் தீர்ந்ததும், அன்று ஞாயிற்றுக்கிழமையாதலால் கடை திறக்காததும் காரணங்கள். அட்டையில் அது 'இழப்பின் வெறுமை' ஆகிவிடுகிறது.

பஞ்சாலையும் பம்புசெட்டும் வளர்த்த கோவைப் பீளமேட்டில் இச்சிக்கல் சற்றுக் கூடுதல். குதிரைத்திறன், வோல்ட், ஆம்பியர், சுழல்வேகம் ஆகியவற்றைப் பொறித்து மோட்டாரின் மேல் அறையப்படும் நேம் பிளேட்டைப் படித்தே பழகிய ஊர், ஓவியத்தின் அட்டையையும் அதே கண்ணோடு படித்துவிட்டு, "எல்லாஞ் சரிங்க, இது என்ன வேலைக்குங்க?" என்று கேட்கிறது. 1956இல் தொடங்கப்பட்ட தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சிக் கழகத்தை, அதாவது சிட்ராவை, நடத்திய கஸ்தூரி சீனிவாசன் நூலிழையை ஆராய்ந்த கையாலேயே தூரிகையும் பிடித்தவர் என்றும், அவர் பெயரில் அவிநாசி சாலையில் கலைக்கூடமே இருக்கிறதென்றும் எடுத்துக்காட்டினால், "அவருக்கு மாசமானாச் சம்பளம் வந்துதுங்களே" என்ற பதில் தயாராக இருக்கிறது.

தாயை வரைவது இன்னும் ஆபத்தானது. ஜேம்ஸ் விஸ்லர் 1871இல் தம் தாயை நாற்காலியில் பக்கவாட்டாக அமர்த்தி வரைந்து, அதற்குச் 'சாம்பல், கறுப்பு வண்ணங்களின் அமைவு, எண் 1' என்று பெயரிட்டு, அமர்ந்திருப்பவர் யார் என்பதில் பார்ப்பவருக்கு என்ன அக்கறை என்று வாதாடியும், உலகம் அதை 'விஸ்லரின் அம்மா' என்றே அழைத்துவருகிறது. பீளமேட்டில் அவ்வாதம் தொடங்கவே வழியில்லை, "உங்கம்மா தோட்டை எங்க கண்ணு காணோம்?" என்று அத்தை கேட்ட பிறகு வண்ணங்களின் அமைவைப் பற்றி யார் பேசுவது?

உருவமற்ற ஓவியம், அதாவது எந்தப் பொருளையும் வரையாமல் வண்ணத்தாலும் வடிவத்தாலும் மட்டும் அமைவது, தப்பிக்கும் வழிபோலத் தோன்றும். டீ டம்ளர் கேன்வாஸில் பதித்த கறையை மறைக்கப்போய், வட்டத்துக்குள் வட்டமாகச் செம்பு நிறத்தைச் சுற்றி, நடுவைக் கறுப்பாக்கி, 'அகச்சுழல்: நகரத் தனிமை' என்று அட்டை எழுதிவிட்ட ஓர் இளம் ஓவியரின் முன், மோட்டார் வைண்டிங் பட்டறை நடத்தும் பெரியவர் ஒருவர் வந்து, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, மூக்கு படுமளவு குனிந்து பார்த்து, "காயில் எரிஞ்சிருக்குதுங்க" என்று தீர்ப்பளிக்கக்கூடும். மின்னழுத்தம் குறையும்போது மோட்டார் கூடுதல் மின்னோட்டத்தை இழுத்துச் சூடேறுவதால், செம்புக் கம்பியின் மேலுள்ள இனாமல் பூச்சு கருகிப்போவதையே வைண்டிங்காரர்கள் அவ்வாறு சொல்கிறார்கள். தனிமையைவிட இவ்விளக்கம் படத்துக்குப் பொருந்துகிறது என்பதை எந்த விமர்சகரும் மறுக்க முடியாது. படத்தை விலைக்குக் கேட்பவரும் அப்பெரியவராகவே இருப்பார்: வோல்டேஜ் பத்தாதபோது மோட்டாரைப் போடாதீர்கள் என்று வாடிக்கையாளர்களுக்குக் காட்டப் பட்டறையில் ஒரு படம் தேவைப்படுகிறதாம், பிரேமையும் சேர்த்து விலை சொல்ல வேண்டும், அட்டை வேண்டியதில்லை.